சத்துணவு வரிசையில் ஸ்பெஷல் தரிசனம் கிடையாது

(பட்டிமன்றத் தலைப்பு: பிள்ளைகளுக்கு மரியாதையையும் நல்ல குடிமைப் பண்பையும் பெரிதும் கற்றுத் தருவது வீடா? தொடக்கப் பள்ளியா? ‘தொடக்கப் பள்ளியே’ என்ற அணியில் மூன்றாவதாகப் பேசிய ஆசிரியையின் உரை.)



எனக்கு முன்னால் பேசிய எதிரணிச் சகோதரி பிரமாதமாகப் பேசினாங்க. ‘அம்மா மடியிலே கத்துக்காத மரியாதையை ஆயிரம் பள்ளிக்கூடம் சேர்ந்தாலும் கத்துக்கொடுக்க முடியாது’ன்னாங்க. நீங்க எல்லாரும் கை தட்டினீங்க. நானும் தட்டினேன். நல்ல வசனத்துக்குக் கை தட்டுவதும் ஒரு மரியாதைதானே! (சிரிப்பு) ஆனால் வசனம் வேறே, விஷயம் வேறே நடுவர் அவர்களே.

ஒரு சின்ன விசாரணை. வீட்டுக்கு மாமா வருகிறார். ‘மாமாவுக்கு வணக்கம் சொல்லுடா கண்ணா.’ சொல்கிறது. அத்தை வருகிறார்கள். ‘அத்தைக்கு ரைம்ஸ் சொல்லிக் காட்டும்மா.’ அத்தை போதும் போதும் என்றாலும் விடாமல் நாலு ரைம்ஸ் சொல்கிறது. (சிரிப்பு) ரொம்ப சந்தோஷம். அடுத்து வாசலிலே மணி அடிக்கிறது. கேஸ் சிலிண்டரைத் தோளிலே சுமந்துகொண்டு மூன்றாவது மாடிக்கு ஏறி வந்து ஒருத்தர் நிற்கிறார். பிள்ளை கதவைத் திறந்து பார்த்துவிட்டு உள்ளே குரல் கொடுக்கிறது. என்னன்னு? ‘அம்மா, கேஸ் வந்திருக்கு!’ காலையிலே ‘பால் வந்திருச்சு!’ ஏழு மணிக்கு ‘குப்பை வந்திருச்சு!’ குப்பை எங்கேங்க வந்தது? குப்பை நம்ம வீட்டுக்குள்ளேதான் இருக்கு. வந்தது, அதை எடுத்துக்கொண்டு போக வந்த மனுஷி! (கைதட்டல்) உயர்திணை, அஃறிணை என்று நாங்கள் கரும்பலகையிலே எழுதிப் போடுகிறோம். வீட்டிலே நடக்கிற இலக்கணம் என்ன? உறவுக்காரர் உயர்திணை, உழைக்கிறவர் அஃறிணை.

எந்தத் தாயையும் நான் குறை சொல்லவில்லை. வேண்டுமென்று யாரும் சொல்வதில்லை, வாய்ப்பழக்கம். வீடு என்பது உறவு வாழ்கிற இடம். அங்கே ஒவ்வொருவருக்கும் ஒரு முறை இருக்கிறது. மாமா முறை, சித்தி முறை, அண்ணி முறை. முறை இருப்பவரிடம் எப்படி நடக்க வேண்டும் என்று வீடு அழகாகச் சொல்லித் தருகிறது. மறுக்கவே மாட்டேன். ஆனால் முறையே இல்லாதவரிடம் எப்படி நடப்பது? பஸ்ஸிலே பக்கத்து சீட்டிலே உட்காருகிறவர் நமக்கு என்ன முறை? ரோட்டைக் கடக்கிற கிழவி என்ன முறை? குடிமைப் பண்பு, குடிமைப் பண்பு என்கிறோமே, அது என்னங்க? முறை இல்லாதவரிடமும் முறையாக நடப்பதுதானே!

தினமும் காலை வழிபாட்டுக் கூட்டத்தில் பிள்ளைகள் கையை நீட்டி ஓர் உறுதிமொழி சொல்கிறார்கள். நீங்களும் சொன்னவர்கள்தான். அதை எழுதியவர் பைடிமர்ரி வெங்கட சுப்பாராவ். பெரிய அரசியல் தலைவர் அல்ல. விசாகப்பட்டினத்தில் கருவூல அதிகாரியாக இருந்தவர். 1962இல் தெலுங்கிலே எழுதினார். அதிலே என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். முன்பின் தெரியாத கோடிக்கணக்கான பேரை உடன்பிறந்தவர் என்று ஆறு வயசுப் பிள்ளை எல்லார் முன்னாலும் சொல்கிறது. வீட்டிலே உடன்பிறந்தவன் என்றால் ரெண்டு பேர், மூணு பேர். அந்த உறவுச் சொல்லை வாசற்படிக்கு வெளியே கொண்டுவந்து ஊருக்கே விரித்துப் போடுகிற முதல் இடம் பள்ளிக்கூட மைதானம்.

‘வாயாலே சொல்லிட்டா ஆச்சா?’ என்று பேராசிரியர் ஐயா கேட்டார். நியாயமான கேள்வி. நான் பார்த்ததைச் சொல்கிறேன்.

நம்ம ஊர் எப்படிப்பட்ட ஊர்? அம்பத்தூர் எஸ்டேட் 1960களிலே வந்தது. ஆவடியிலே கனரக வாகனத் தொழிற்சாலை 1961இல் வந்தது. நம் ராணுவத்தின் விஜயந்தா டாங்கி அங்கேதான் உருவாச்சு. அன்றிலிருந்து இன்றுவரை எங்கெங்கிருந்தோ ஆட்கள் வந்து குடியேறிக்கொண்டே இருக்கிறார்கள். தென்மாவட்டத்துக்காரர், ஆந்திராக்காரர், கேரளாக்காரர். இப்போது பீகார், ஒடிசா, வங்காளம். லேத் பட்டறையிலே பக்கத்துப் பக்கத்திலே நின்று வேலை செய்வார்கள். சாயங்காலம் அவரவர் தெரு, அவரவர் ரூம். ஆனால் பிள்ளைகள்? ஒரே பாயிலே உட்கார வேண்டுமே!

எஸ்டேட் பக்கம் நான் வேலை பார்த்தபோது மூன்றாம் வகுப்பிலே ஒரு பையன் வந்து சேர்ந்தான். ஒரே வாரத்தில் அவனுக்கு வகுப்பே பெயர் வைத்துவிட்டது. ‘டேய் இந்தி! இங்க வாடா.’ எங்க சத்துணவு அம்மா பாவம், தனக்குத் தெரிந்த நாலு இந்தி வார்த்தையை எடுத்து அவனிடம் பேசிப் பார்த்தார்கள். அவன் திருதிருவென்று முழிக்கிறான். அப்புறம்தான் தெரிந்தது, அவன் ஒடிசாக்காரன். வீட்டிலே பேசுவது ஒடியா. அவனுக்கும் இந்தி தெரியாது, எங்களுக்கும் தெரியாது! (சிரிப்பு, கைதட்டல்)

அன்றைக்கு வகுப்புக்கு ஒரே ஒரு வீட்டுப்பாடம் கொடுத்தேன். அவன் பெயரை அவன் சொல்கிற மாதிரியே சொல்லிப் பழகி வரணும். அவனே வாத்தியார். நாற்பது பிள்ளைகளும் வரிசையாகச் சொல்ல, அவன் தலையை ஆட்டி ஆட்டித் திருத்துகிறான். தண்ணீருக்கு அவன் ஊரிலே ‘பாணி’ என்று சொல்லிக்கொடுத்தான். பதிலுக்கு இவர்கள் அவனைப் பிடித்து உட்காரவைத்து, ‘ழ’ வரும்வரை விடவில்லை. அந்தப் பையன் பட்ட பாடு அவனுக்குத்தான் தெரியும். பத்து நாள் கழித்துக் குழாயடியிலே பெரிய வகுப்புப் பையன் ஒருத்தன் ‘டேய் இந்தி’ என்று கூப்பிட்டான். என் வகுப்பு வாண்டு ஒன்று இடுப்பிலே கையை வைத்துக்கொண்டு சொல்கிறது: ‘அவனுக்குப் பேரு இருக்கு!’ (கைதட்டல்) அந்த வாண்டுக்கு அவன் மாமனா, மச்சானா? ஒண்ணும் கிடையாது. பக்கத்துப் பாய்.

அடுத்து ரோடு. காலையிலே எட்டரை மணிக்கு சி.டி.எச். ரோட்டிலே நின்று பாருங்கள். அப்பா வண்டி ஓட்டுகிறார். முன்னாலே யூ.கே.ஜி., பின்னாலே நாலாம் வகுப்பு, அதுக்கும் பின்னாலே அம்மா. சிக்னல் சிவப்பு. அப்பா கழுத்தை நீட்டிப் பார்க்கிறார், போலீஸ்காரர் நிற்கிறாரா? இல்லை. சல்லென்று போய்விடுகிறார். அந்தப் பிள்ளை என்ன பாடம் படித்தது? சிவப்புக்கு நிற்க வேண்டாம். போலீஸ்காரருக்கு நின்றால் போதும்! கேட்டால், ‘பிள்ளைக்கு ஸ்கூலுக்கு லேட்டாயிடுச்சு’ என்பார். ஆவடி பஸ் நிலையத்துக்குப் போங்க. பஸ் நிற்பதற்கு முன்னாலே ஜன்னல் வழியாகத் துண்டு பறக்கும். அந்தத் துண்டுக்குக் கிடைக்கிற மரியாதை நிறைமாத கர்ப்பிணிக்குக் கிடைக்காது. (கைதட்டல்) கோவிலுக்குப் போனாலும் சும்மா தரிசனம் ஒரு வரிசை, காசு கொடுத்தால் ஸ்பெஷல் தரிசனம் ஒரு வரிசை.

ஸ்பெஷல் தரிசனம் இல்லாத வரிசை எங்கே இருக்கிறது என்று கேட்டால் நான் எங்க பள்ளிக்கூட வராந்தாவைக் காட்டுவேன். சத்துணவு வரிசை. முன்னாலே வந்தவன் முன்னாலே நிற்பான். அப்பா கவுன்சிலரா, காய்கறி வண்டிக்காரரா என்று கரண்டிக்குத் தெரியாது.

இந்தக் கரண்டிக்கு ஒரு பெரிய வரலாறு இருக்கிறது ஐயா. 1920இல் நீதிக்கட்சிக்காரர் தியாகராய செட்டியார் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தபோது ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியிலே பிள்ளைகளுக்கு மதிய உணவு போட ஆரம்பித்தார்கள். பிறகு 1955 ஜனவரியிலே நம்ம ஆவடியிலே காங்கிரஸ் மாநாடு நடந்தது. சோஷலிச பாணி சமுதாயம் அமைப்போம் என்று தீர்மானம் போட்டார்கள். அப்போது இங்கே முதலமைச்சர் காமராஜர். அவர் 1956இல் எட்டயபுரத்திலே மதிய உணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். தீர்மானம் போட்டது நம்ம ஊர். சோறு போட்டது எட்டயபுரம்! (கைதட்டல்) 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2022 செப்டம்பரிலே முதலமைச்சர் மு.க. ஸ்டாலின் காலை உணவைத் தொடங்கினார். 2024 ஜூலையிலே கிராமப்புற அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் அதை நீட்டித்தது நம்ம திருவள்ளூர் மாவட்டத்துக் கீழச்சேரியிலே.

வயிற்றுக்குச் சோறு என்றுதான் எல்லாரும் இதைப் பேசுகிறார்கள். நான் பரிமாறி நின்றவள், வேறொன்றும் பார்த்தேன். சேர்ந்து உட்கார்ந்து ஒரே சட்டிச் சோற்றைச் சாப்பிடுகிற பழக்கம் நம்ம நாட்டிலே லேசுப்பட்ட விஷயமா?

அதே எட்டயபுரத்துக்குப் பக்கத்திலே உசிலம்பட்டி என்று ஒரு சின்ன ஊர். தூத்துக்குடி மாவட்டம். 2023 செப்டம்பரிலே அந்த ஊர்த் தொடக்கப் பள்ளியிலே காலை உணவைப் பிள்ளைகள் சாப்பிடவில்லை. சமைத்தவர் பட்டியல் சாதியைச் சேர்ந்த பெண் என்பதால் பெற்றோர் தடுத்தார்கள் என்று செய்தி வந்தது. ஊரிலே சிலர் வேறு தகராறும் காரணம் என்றார்கள். இருக்கட்டும். பொங்கலைப் பார்த்ததும் ‘இது யார் ஆக்கினது?’ என்று ஆறு வயசுப் பிள்ளைக்குத் தானாகக் கேட்கத் தெரியுமா? அதுக்குத் தெரிந்ததெல்லாம் பசி. கேட்கச் சொல்லித் தந்தது யார்? எதிரணியிலே இருக்கிற பெரியவர்கள் நெஞ்சிலே கை வைத்துச் சொல்லட்டும். (கைதட்டல்) அதைச் சரி செய்தது எங்கே? அந்தப் பள்ளியிலேயே. கனிமொழி எம்.பி., அமைச்சர் கீதா ஜீவன் எல்லாரும் போய், பிள்ளைகளோடு தரையிலே உட்கார்ந்து அந்தச் சாப்பாட்டைச் சாப்பிட்டார்கள். வீடு வீடாகப் போய்ப் பேசினால் மட்டும் போதாது, அந்த வராந்தாவிலே பிள்ளைக்குப் பக்கத்திலே உட்கார்ந்தால்தான் ஆகும் என்று அவர்களுக்கே தெரிந்திருக்கிறது.

பூந்தமல்லிக்காரர்கள் இங்கே நிறையப் பேர் இருக்கிறீர்கள். உங்கள் ஊர் திருக்கச்சி நம்பியைத் தெரியாமல் இருக்காது. வைசிய குலத்திலே பிறந்தவர்; காஞ்சி வரதனுக்கு ஆலவட்டம் வீசியவர். ராமானுஜர் அவரைக் குருவாக நினைத்து வீட்டுக்கு விருந்துக்கு அழைத்தார். அவர் உண்ட மிச்சத்தை உண்ண வேண்டும் என்று ஆசை. ராமானுஜர் வெளியே போயிருந்த நேரம் பார்த்து நம்பி வந்து சாப்பிட்டுவிட்டுப் போய்விட்டார். அந்த அம்மாள் என்ன செய்தார்கள்? இலையைக் கோலாலே தள்ளிவிட்டு, இடத்தைச் சாணம் போட்டு மெழுகி, தலை முழுகிவிட்டுப் புதிதாகச் சமைத்தார்கள் என்று வைணவப் பெரியோர் வரலாறு சொல்கிறது. அந்த அம்மாளைத் திட்டிப் பிரயோஜனம் இல்லை நடுவர் அவர்களே. விருந்தாளிக்கு அமுது படைத்தார்கள். அதுவும் வீடு சொல்லித் தந்ததுதான். போன பிறகு மெழுகினார்கள். அதுவும் வீடு சொல்லித் தந்ததுதான். ராமானுஜரையே கணவராக அடைந்தவருக்கு இந்த நிலைமை என்றால், நம்ம வீட்டுப் பாடத்தின் பலம் எவ்வளவு என்று பார்த்துக்கொள்ளுங்கள். அதற்கு எதிராக ஒரு பாயையும் ஒரு தட்டையும் வைத்துக்கொண்டு போராடுகிறவள் தொடக்கப் பள்ளி டீச்சர். (நீண்ட கைதட்டல்)

தம்பி ஒருத்தர் எதிரணியிலே, ‘முன்னாடியெல்லாம் வாத்தியார்கிட்ட பிரம்பு இருந்துச்சு, மரியாதை இருந்துச்சு, இப்ப பிரம்பும் போச்சு, மரியாதையும் போச்சு’ன்னார். அந்தக் காலத்திலே அப்பாக்கள் வந்து, ‘கண்ணை மட்டும் விட்டுட்டுத் தோலை உரிச்சிடுங்க சார்’ என்று சொல்லிவிட்டுப் போவார்கள். என்னமோ வாத்தியார் கசாப்புக் கடை வைத்திருக்கிற மாதிரி! (சிரிப்பு) கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 17ஆம் பிரிவு அடிப்பதையும் தடுக்கிறது, மனசை நோகடிப்பதையும் தடுக்கிறது. எனக்கு அதிலே வருத்தமே இல்லை. பிரம்புக்கு அடங்குகிற வகுப்பு, டீச்சர் கரும்பலகைப் பக்கம் திரும்புகிறவரைக்கும்தான் அடங்கும். அப்பா போலீஸ்காரரைத் தேடினாரே, அதே கதைதான்.

பிரம்பு இல்லாமல் என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளிலே செயல்வழிக் கற்றல் வந்தது. அப்போது மாநகராட்சி ஆணையராக இருந்தவர் எம்.பி. விஜயகுமார். சில வருஷத்திலே தமிழ்நாடு முழுக்கப் பரவியது. அட்டை அட்டையாக அடுக்கி வைத்துக்கொண்டு, எந்தப் பிள்ளை எந்த ஏணிப்படியிலே இருக்கிறது என்று தேடுவதற்குள் எங்களுக்குத் தலை சுற்றிப்போகும். அந்தக் குறையும் உண்டு, அதை நான் மறைக்க மாட்டேன். ஆனால் ரெண்டு விஷயத்துக்காக அதற்கு நான் கும்பிடு போடுவேன். ஒன்று, டீச்சர் நாற்காலியை விட்டுத் தரையிலே இறங்கிப் பிள்ளைகளோடு பாயிலே உட்கார்ந்தார். கரும்பலகையும் பிள்ளை உயரத்துக்கு இறங்கியது. பிள்ளையை அண்ணாந்து பார்க்க வைத்து வாங்குகிற மரியாதை ஒன்று; பக்கத்திலே உட்கார்ந்து கண்ணுக்கு நேராகப் பார்த்துக் கொடுக்கிற மரியாதை இன்னொன்று. 2025 ஜூலையிலே ‘ப’ வடிவத்திலே பெஞ்சு போடச் சொன்னபோது நாடே அதைப் பற்றிப் பேசிற்று. கடைசி பெஞ்சே இல்லையாம் என்று ஆச்சரியம். தொடக்கப் பள்ளியிலே நாங்கள் எப்பவோ வட்டமாக உட்கார்ந்துவிட்டோம்!

இன்னொன்று, சுய வருகைப் பதிவு. பிள்ளை வகுப்புக்குள் வந்ததும் தன் பெயருக்கு நேரே தானே குறித்துக்கொள்ளும். டீச்சர் பார்க்க மாட்டார். வராத நண்பனுக்கும் சேர்த்துக் குறித்துவிட்டால்? அப்படி ஒரு தடவை நடந்தது. வகுப்பிலே அதைப் பஞ்சாயத்து வைத்துப் பேசினோம். ‘அவன் வரலேன்னா அவனுக்கு ஜுரமான்னு யாரு கேப்பா? வந்துட்டான்னு நெனச்சிக்குவோம்ல?’ என்றது ஒரு சின்னப் பெண். பொய்க் கணக்கு எழுதினால் யாருக்கு நஷ்டம் என்று எட்டு வயசிலே புரிந்துபோச்சு. இதைப் படிக்காமல் போனவர்கள் பெரியவர்களாகி எங்கெங்கே கையெழுத்துப் போடுகிறார்கள் என்று நான் சொல்லி உங்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. (கைதட்டல்)

‘அதான் நீதிபோதனை வகுப்பு இருக்கே’ என்று யாரோ குரல் கொடுத்தீர்கள். இருக்கிறதுங்க, கால அட்டவணையிலே. கணக்குப் பாடம் பாக்கி இருந்தால் முதலிலே பலியாகிற வகுப்பு அதுதான். 2016இல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை, திருக்குறளின் அறத்துப்பாலும் பொருட்பாலுமாக 108 அதிகாரங்களை ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை பாடத்திலே சேர்க்கச் சொன்னது. மிக நல்ல தீர்ப்பு. ஆனால் ஆறாம் வகுப்புக்கு வரும்போது பிள்ளைக்குப் பதினொரு வயசு. யார் பக்கத்திலே உட்காரலாம், யாரைப் பேர் சொல்லிக் கூப்பிடலாம், யாரைக் கூடாது என்பதெல்லாம் அதற்குள்ளே பதிந்துபோயிருக்கும்.

எதிரணித் தலைவர் அடுத்துப் பேசப் போகிறார். என்ன கேட்பார் என்று எனக்குத் தெரியும். ‘நாங்குநேரியிலே 2023 ஆகஸ்டிலே ஒரு மாணவனை வீடு புகுந்து வெட்டியது அவனோடு படித்தவர்கள்தானே? 2022இல் ஈரோடு மாவட்டத்திலே பட்டியல் சாதிப் பிள்ளைகளைக் கழிப்பறை கழுவ வைத்ததாகத் தலைமையாசிரியை கைதானது ஒரு தொடக்கப் பள்ளியிலேதானே?’ என்பார். ஆமாம். மறைக்க என்ன இருக்கிறது? பள்ளிக்கூடம் புண்ணியத் தலம் என்று நான் சொல்ல வரவில்லை. நாங்குநேரிக்குப் பிறகு அரசு நீதிபதி சந்துரு தலைமையிலே ஒரு குழு போட்டது. 2024 ஜூனிலே அறிக்கை கொடுத்தார். அதிலே என்னென்ன? பிள்ளைகளை அகர வரிசையிலே உட்கார வையுங்கள். வருகைப் பதிவேட்டிலே சாதி விவரம் இருக்கக் கூடாது. சாதியைக் காட்டுகிற கலர் கயிறு கையிலே கட்டக் கூடாது. கேட்கச் சின்ன விஷயங்களாகத் தெரியும். ஸ்காலர்ஷிப் பணம் வந்திருக்கிறது என்று வகுப்பு நடுவிலே ஒரு பிள்ளையை எழுப்பி நிறுத்திப் பாருங்கள், எது சின்னது எது பெரிசு என்று அந்த முகம் சொல்லும். அந்தக் கயிற்றைக் கட்டிவிட்டது தெருவும் வீடும். அவிழ்க்கச் சொன்னது பள்ளிக்கு. நோய் வந்த இடம் வேறே, மருந்து கொடுக்க வேண்டிய இடம் இதுதான் என்று நீதிபதிக்கே தெரிந்திருக்கிறது ஐயா.

ஆவடி நரிக்குறவர் குடியிருப்பு மாணவிகளை மறந்திருக்க மாட்டீர்கள். மற்றவர்கள் தங்களை எப்படி ஒதுக்குகிறார்கள் என்று 2022இல் காமிரா முன்னாலே தெளிவாகப் பேசினார்கள். ஏப்ரல் மாதம் முதலமைச்சரே அந்தக் குடியிருப்புக்கு வந்து ஒரு வீட்டிலே சாப்பிட்டார். அந்த ஆண்டு முடிவதற்குள் நாடாளுமன்றத்திலே நரிக்குறவரைப் பழங்குடிப் பட்டியலிலே சேர்க்கிற மசோதா நிறைவேறியது. பல வருஷத்துக் கோரிக்கை அது. பல பேர் போராடியிருக்கிறார்கள். ஆனாலும் பெரியவர்கள் மனு கொடுத்துக் கொடுத்து அலுத்த விஷயத்தை, சீருடை போட்ட பிள்ளைகள் நிமிர்ந்து நின்று பேசினார்களே, அந்த நிமிர்வு எங்கிருந்து வந்தது? ஒதுக்கப்பட்டதும் பள்ளியிலேதான் என்பீர்கள். சரி. ‘எனக்கும் சம உரிமை உண்டு’ என்று படித்ததும் பள்ளியிலேதானே!

ஒன்றை மட்டும் எதிரணிக்கு விட்டுக்கொடுக்கிறேன். பள்ளிக்கூடம் என்ற பெயர்ப் பலகை மாட்டினால் மட்டும் இது நடந்துவிடாது. ஒரே மாதிரி ஃபீஸ் கட்டுகிறவர்கள், ஒரே மாதிரி வேனிலே வருகிறவர்கள் என்று பிள்ளைகளைச் சலித்து எடுத்து வைத்தால், அங்கே பக்கத்துப் பாயிலே யார் இருப்பார்? இன்னொரு நம்மாள்தான் இருப்பார். அதனாலேதான் தனியார் பள்ளியிலும் நாலிலே ஒரு பங்கு இடம் நலிந்த வீட்டுப் பிள்ளைகளுக்கு என்று சட்டம் சொன்னது. அதைத் தர்மம் என்று நினைக்கிறார்கள். அந்தப் பிள்ளை வந்து உட்கார்ந்ததாலே வசதியான வீட்டுப் பிள்ளைக்குக் கிடைக்கிற பாடத்துக்கு எவ்வளவு ஃபீஸ் என்று யாரும் கணக்குப் போடுவதில்லை. (கைதட்டல்)

கடைசியாக, வீட்டுக்காரர்களுக்கும் நாங்கள்தான் பாடம் எடுக்கிறோம்! கல்வி உரிமைச் சட்டத்திலே பள்ளி மேலாண்மைக் குழு என்று ஒன்று இருக்கிறது. உறுப்பினர்களிலே நாலிலே மூன்று பங்கு பெற்றோர்; மொத்தத்திலே பாதிப் பேர் பெண்கள். முதல் கூட்டத்துக்கு வந்த ஓர் அம்மா, வீட்டு வேலைக்குப் போகிறவர், தரையிலே சுவர் ஓரமாக உட்கார்ந்துகொண்டார். நாற்காலி காலியாக இருக்கிறது. ‘மேலே உக்காருங்கம்மா’ என்றால், ‘பரவாயில்ல டீச்சர்’ என்கிறார். அவர் மகள், இரண்டாம் வகுப்பு, ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு உள்ளே வந்தது. ‘இங்க எல்லாரும் ஒண்ணாத்தான் உக்காரணும், அம்மா’ என்று கையைப் பிடித்து இழுத்து நாற்காலியிலே உட்கார வைத்தது. அந்த அம்மாதான் அன்றைக்குக் கழிப்பறைத் தொட்டியிலே தண்ணீர் நிற்பதில்லை என்று எழுந்து பேசினார். தீர்மானத்திலே கையெழுத்தும் போட்டார். அடுத்த மாதம் தொட்டி மாறிவிட்டது.

நடுவர் அவர்கள் மணி அடித்துவிட்டார்கள். மணி அடித்ததும் எங்கள் பிள்ளைகள் பாதி எழுத்திலேயே பலப்பத்தைப் போட்டுவிட்டு ஓடும். அவர்களிடம் கற்றுக்கொண்டதை நானும் செய்கிறேன். தீர்ப்பு உங்கள் கையில். (கைதட்டல்)